‘வலது கையால் வாங்கு’ என்றேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கிள்ளானில் நான் வேலை பார்க்கும் இடைநிலைப்பள்ளியில் நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று பல மாதம் யோசித்திருக்கிறேன். இந்த மாதிரிப் பகுதிகளில் பெரும்பாலும் தமக்கு யாரோ செய்த நன்மையைத்தான் எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது நானே செய்த ஒரு கேவலத்தை. படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். வாங்கிக்கொள்ள வேண்டியவள்தான்.

என் வீடு தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில். விடிவதற்கு முன்பே காரை எடுத்தால்தான் மணியடிக்கும் முன் பள்ளியில் இருக்க முடியும். வரலாறு பாடம் எடுக்கிறேன். அந்த வருடம் நான்காம் படிவத்தில், அதாவது பதினாறு வயதுப் பிள்ளைகளின் ஒரு வகுப்புக்கு, வகுப்பாசிரியை. அது போதாதென்று சியர்லீடிங் குழுவுக்கும் நான்தான் பயிற்சியாளர். எனக்கு அதில் ஏதாவது தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. புதிதாக மாற்றலாகி வந்தவள், சின்ன வயதில் பரதம் ஆடியவள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், தலையில் கட்டிவிட்டார்கள். நானும் வேண்டாவெறுப்பாகத்தான் பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினேன். பிறகு பைத்தியமே பிடித்துவிட்டது. வீட்டில் தோசை ஊற்றும்போதுகூட ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை எண்ணிக்கொண்டிருப்பேன். என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார்.

சியர்லீடிங் என்றால் கையில் ஜிகினாக் குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு குதிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆளை ஆள் தூக்குகிற வேலை. நாலு பேர் ஒரு கூட்டு. ஒருத்தி மேலே ஏறி நிற்பாள், அவளை ‘ஃப்ளையர்’ என்போம். இரண்டு பேர் கீழே நின்று ஆளுக்கு ஒரு பாதத்தை உள்ளங்கையில் தாங்குவார்கள். அவர்கள் ‘பேஸ்’. இன்னொருத்தி பின்னால் நின்று பிடித்துக்கொள்வாள். மேலே இருக்கிறவள் சிரிப்பதைத்தான் கூட்டம் பார்க்கும். கீழே இருக்கிற இரண்டு பேரின் மணிக்கட்டு படும் பாட்டை யாரும் பார்ப்பதில்லை.

இந்த விளையாட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நாலு பேரில் யாராவது ‘டவுன்’ என்று சொல்லிவிட்டால், மேலே இருக்கிறவளை உடனே பத்திரமாக இறக்கிவிட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. சொன்னவளை முறைக்கவும் கூடாது. முதல் நாள் பயிற்சியிலேயே இதைப் பிள்ளைகளுக்கு மூன்று தடவை சொல்லவைத்தவள் நான். அந்தச் சட்டத்தை மிதித்தவளும் நான்தான்.

குழுவில் பதினாறு பேர். மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும்தான் அதிகம். தமிழ்ப் பெண்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி என் வகுப்பு மாணவி. அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நல்ல உயரம், உறுதியான தோள். அதிகம் பேச மாட்டாள், ஆனால் சொன்னதை ஒரு தடவையில் பிடித்துக்கொள்வாள். என்னிடம் இருந்த பேஸ்களில் அவளைப் போல இன்னொருத்தி கிடையாது. அவள் தாங்கினால் மேலே நிற்கிற பெண்ணுக்குத் தரையில் நிற்கிற தைரியம் இருக்கும். வரலாற்றுப் பாடத்திலும் கெட்டிக்காரி. மற்றவர்கள் ஒரு பக்கத்தில் முடித்துவிடும் கேள்விக்கு அவள் மூன்று பக்கம் எழுதுவாள்.

அப்படிப்பட்டவளிடம் நான் எப்படி நடந்துகொண்டேன் என்று கேளுங்கள். அந்த வருட ஆரம்பத்தில் கேண்டீனில் ஓர் ஆசிரியர் சிரித்துக்கொண்டே மலாயில், “உங்க டீம்ல உங்க ஆளுங்களத்தான் நல்ல இடத்துல வச்சிருக்கீங்க போல” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கே தெரியாமல் ஒரு பழக்கம் வந்தது. மலாய்ப் பெண் தாமதமாக வந்தால், “சீக்கிரம் வா மா” என்பேன். சீனப் பெண் தவறு செய்தால், “பரவாயில்லை, இன்னொரு தடவை” என்பேன். தமிழ்ப் பெண் அதே தவறைச் செய்தால் போச்சு. ஊரே பார்க்கிற மாதிரி கத்துவேன். நான் யாருக்கும் பாரபட்சம் காட்டாதவள் என்று நிரூபிக்க வேண்டுமாம். அதற்கு இந்த மூன்று பெண்கள்தான் கிடைத்தார்கள். இந்த நாட்டில் ஆசிரியராக இருக்கும் தமிழர்கள் சிலருக்கு நான் சொல்வது புரியும் என்று நினைக்கிறேன்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, ஒரு சனிக்கிழமைப் பயிற்சியில் மேலே ஏறிய சீனப் பெண்ணின் கால் வழுக்கியது. தலைகுப்புற விழ வேண்டியவள். என் மாணவி கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே பாய்ந்து, அவளைத் தன் உடம்பின் மேல் வாங்கிக்கொண்டு தரையில் விழுந்தாள். அவளுடைய வலது கை இரண்டு பேர் எடைக்கும் அடியில் மடங்கியதை நான் பார்த்தேன். எழுந்து கையை உதறினாள்.

“ஓகேவா?” என்று கேட்டேன்.

“ஓகே டீச்சர்” என்று சிரித்தாள்.

நான் கை தட்டினேன், பிள்ளைகளும் தட்டினார்கள். அவளுடைய கையை ஒரு தடவை பிடித்துப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மாலைப் பயிற்சி. ஃப்ளையர் மேலே ஏறியதும் அவள், “டவுன்!” என்றாள். இறக்கினார்கள். மறுபடி ஏற்றினோம். மறுபடி, “டவுன்!” மூன்றாவது தடவையும் அதே மாதிரி ஆனபோது எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இசை ஓடிக்கொண்டே இருக்கிறது, மற்ற கூட்டுகள் எல்லாம் ஏறி நிற்கின்றன, இவள் கூட்டு மட்டும் தரையில் நிற்கிறது. கேண்டீனில் அன்று கிண்டலடித்த அந்த ஆசிரியர் வேறு மண்டபத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், கை வலிக்குது டீச்சர்” என்றாள், மெதுவாக.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்று தமிழில் பேசினேன். “எல்லாருக்கும்தான் வலிக்குது. அவங்கள்லாம் வாயத் திறக்குறாங்களா? நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும் எப்பப் பாரு ஒரு சாக்கு. முடியலன்னா போயிடு, நான் வேற ஆளப் பாத்துக்குறேன். எல்லாரு முன்னாலயும் என் மானத்த வாங்காத.”

தமிழ் பேசுகிற மற்ற இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கவில்லை. “சாரி டீச்சர்” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அந்தச் சீனப் பெண்ணுக்கு என் குரலை வைத்து ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கிறது. டீச்சர் என்ன சொன்னார் என்று மலாயில் கேட்டாள். நான் திரும்பி நடந்துகொண்டிருந்தேன், ஆனாலும் காதில் விழுந்தது. “நல்லா சாப்பிடச் சொன்னாங்க” என்று மலாயிலேயே பதில் சொன்னாள் என் மாணவி. என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நல்லவேளை, விஷயம் பரவவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இதுதான் என் லட்சணம்.

அதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூட ‘டவுன்’ சொல்லவில்லை. ஒன்றரை வாரம். தினமும் பயிற்சி. பார்த்தாயா, கொஞ்சம் கண்டித்தால் சரியாகிவிடுகிறது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

போட்டி பக்கத்து நகரமான ஷா ஆலமில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. இரண்டரை நிமிடம்தான் எங்கள் ஆட்டம். ஒரு தூக்கல்கூடத் தவறவில்லை. மூன்றாம் இடம் கிடைத்தது. எங்கள் பள்ளிக்கு அதுவரை எந்த இடமும் கிடைத்ததில்லை. பிள்ளைகள் அழுதார்கள், நானும் அழுதேன். பேரன்ட்ஸ் எல்லாம் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என் மாணவி மட்டும் பின்வரிசையில் தன் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி நிற்கிறாள். இது இப்போது படத்தைப் பார்த்தால் தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் கோப்பைதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை என் வகுப்புக்கு வரலாற்றுத் தேர்வு. மேற்பார்வை செய்ததும் நான்தான். மேற்பார்வை என்று சொல்லக் கூடாது. முன்னால் உட்கார்ந்து, வாட்ஸ்அப் குழுவில் வந்த போட்டிப் படங்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். தாள்களைத் திருத்தும்போது அவளுடைய தாளைப் பார்த்து எரிச்சல் வந்தது. மூன்று பக்கம் எழுதுகிறவள் அரைப் பக்கம்தான் எழுதியிருந்தாள். அந்த அரைப் பக்கமும் கோணல்மாணல். ஒரு கேள்வியைத் தொடவே இல்லை. கோப்பை வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது, படிப்பதில்லை என்று நானே முடிவு கட்டினேன். மலாயில் ‘கோழி கிளறிய எழுத்து’ என்று ஒரு வழக்கு உண்டு. சிவப்பு மையில் அதை எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

வியாழக்கிழமை தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொருவராக மேசைக்கு வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் வந்தாள். அந்த வெயிலிலும் பள்ளி ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். தாளை நீட்டினேன். இடது கையை நீட்டினாள்.

நம் வீடுகளில் பெரியவர்களிடம் இடது கையால் எதையும் வாங்க மாட்டோம். மலாய்க்காரர்களும் அப்படித்தான். இந்த ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. எனக்குச் சுர்ரென்று வந்தது. வகுப்பு முழுக்க நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“என்ன பழக்கம் இது? வலது கையால வாங்கு. வீட்ல சொல்லித் தரலையா?”

அவள் இடது கையை இறக்கிவிட்டு வலது கையை நீட்டினாள். நான் தாளை வைத்தேன். அவளுடைய விரல்கள் மூடவில்லை. ஒரு தாள்தான், காற்றில் பறக்கிற கனம்தான். அது நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கப் போனாள். ஜாக்கெட் கை மேலே ஏறியது. மணிக்கட்டு வீங்கி, கட்டைவிரலுக்குக் கீழே மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போயிருந்தது.

“என்ன இது?” என்று கேட்ட குரல் என் குரல் மாதிரியே இல்லை.

“ஒண்ணுமில்ல டீச்சர். சரியாயிடும்.”

“எழுதினது எந்தக் கையால?”

“இடது கையால டீச்சர். சாரி டீச்சர், எழுத்து நல்லா இல்ல.”

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். எழுத்து நல்லா இல்லையாம்!

அலுவலகத்தில் சொல்லிவிட்டு, அவளுடைய அம்மாவுக்கு போன் செய்துவிட்டு, இன்னோர் ஆசிரியையையும் துணைக்கு அழைத்துக்கொண்டு என் காரிலேயே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்துச் சின்ன எலும்பு ஒன்று முறிந்திருந்தது. இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அந்த எலும்பு சீக்கிரம் கூடாதாம், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கையே பழையபடி வேலை செய்யாமல் போயிருக்கலாமாம். “எப்படி ஆச்சு?” என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். பிறகு டாக்டரைப் பார்த்து, “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்” என்றாள்.

அந்த விநாடியில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ‘இல்லை டாக்டர், பயிற்சியில் விழுந்தாள், வலிக்கிறது என்று சொன்னாள், நான்தான் திட்டினேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் கிழியப் பேசுகிற நான், அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊமை மாதிரி நின்றேன். விபத்து அறிக்கை எழுத வேண்டும், விசாரணை வரும், குழுவைக் கலைத்துவிடுவார்கள், கோப்பை வாங்கிய கையோடு பெயர் நாறிவிடும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் அவளுடைய அம்மா வந்து சேர்ந்தார். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சட்டையில் மாட்டிய அட்டையைக் கழற்றாமலே ஓடி வந்திருந்தார். கணவர் லோரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் தெற்கே ஜொகூர் பக்கம் இருப்பாராம். மகளுடைய கையில் மாவுக்கட்டைப் பார்த்ததும் அழுதுவிட்டார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப நன்றி டீச்சர். இவ எதையுமே சொல்ல மாட்டா, பல்லக் கடிச்சுக்கிட்டே இருப்பா. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு எனக்கே தெரியல, பாருங்களேன். நான் ஷிஃப்டு முடிஞ்சு வரதுக்குள்ள தூங்கிடுறா. நீங்க கவனிக்கலன்னா என்ன ஆகியிருக்கும்?”

“பரவால்லக்கா” என்றேன்.

பரவாயில்லையாம்! என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே கேவலமான வார்த்தை அதுதான். மறுநாள் தலைமையாசிரியர் கேட்டபோதும், பாத்ரூமில் விழுந்துவிட்டாள் என்றுதான் சொன்னேன். ஒரு பொய்யைச் சின்னப் பெண் சொன்னால் அது பயம். அதையே வளர்ந்தவள் திருப்பிச் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

மாவுக்கட்டு எட்டு வாரம் இருந்தது. அந்த எட்டு வாரமும் நான் அவளுக்குச் செய்யாததில்லை. கேண்டீனில் மைலோ பானம் வாங்கிக் கொடுத்தேன். குறிப்புகளை நானே பிரதி எடுத்துக் கொடுத்தேன். தேர்வை மறுபடி வாய்மொழியாக நடத்தி முழு மதிப்பெண் போட்டேன். வகுப்பில் அவள் பெயரைச் சொல்லும்போது என் குரல் தேன் மாதிரி ஒழுகியது. பிள்ளைகளே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செய்ய வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

ஒரு நாள் இடைவேளையில் அவளுடைய தோழிகள் மாவுக்கட்டின் மேல் கலர் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இதயம், பூ, ‘சீக்கிரம் வா’ என்று மூன்று மொழியிலும் கிறுக்கியிருந்தார்கள். அவள் என்னிடம் வந்து கையை நீட்டினாள். “டீச்சர், நீங்களும் எழுதுங்க டீச்சர். இங்க இடம் விட்டு வச்சிருக்கேன்.” பேனாவை வாங்கினேன். என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு சிரிக்கிற முகம் வரைந்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “தேங்க்ஸ் டீச்சர்” என்றாள்.

கட்டு பிரித்த வாரம், அடுத்த பருவத்துக்கான குழுவைத் தேர்வு செய்துகொண்டிருந்தேன். அவள் மண்டபத்துக்கு வந்து பெற்றோர் அனுமதிப் படிவத்தை நீட்டினாள். அவளுடைய கை மெலிந்து, தோல் வெளுத்துப்போயிருந்தது.

“டாக்டர் இன்னும் மூணு மாசம் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க டீச்சர். அது வரைக்கும் நான் மியூசிக் போடுறேன், கவுன்ட் பண்றேன். எடுத்துக்குவீங்களா?”

அந்தப் படிவத்தில் ஒரு வரி இருக்கிறது. பயிற்சி நேரத்தில் என் பிள்ளையின் பாதுகாப்பைப் பயிற்சியாளரிடம் ஒப்படைக்கிறேன் என்று. அதன் அடியில் அவளுடைய அம்மாவின் கையெழுத்து. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதியிருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “அம்மா எப்ப வீட்ல இருப்பாங்க?” என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை இருப்பாங்க டீச்சர்” என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளானில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடிக்குப் போனேன். மின்தூக்கி வேலை செய்யவில்லை. நாலு மாடி ஏறும்போது மூன்று தடவை திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். ஒரு பை நிறையப் பழம் வாங்கிப் போயிருந்தேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவள் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு நின்றது இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவளுடைய அம்மா கதவைத் திறந்து, உட்காரச் சொன்னார். டீ போடப் போனவரைத் தடுத்தேன். உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று, நின்றபடியே சொன்னேன். பாத்ரூம் பொய் என்று சொன்னேன். பயிற்சியில் விழுந்ததை நான் பார்த்ததைச் சொன்னேன். வலிக்கிறது என்று அவள் சொன்னபோது நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல், ‘நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும்’ என்று சொன்னது உட்பட, அப்படியே சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவர் நன்றி சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். கடைசியில், “என்ன மன்னிச்சிருங்கக்கா” என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. அழவில்லை, கத்தவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியும் டீச்சர்” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“கட்டுப் போட்டுட்டு வீட்டுக்கு வந்தோமில்ல, அன்னைக்கே சொல்லிட்டா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மறுநாளே ஸ்கூலுக்கு வந்து நாலு கேள்வி கேக்கணும்னு கிளம்பிட்டேன். இவதான் காலப் பிடிச்சிக்கிட்டா. ‘வேணாம்மா, டீச்சரே வந்து சொல்வாங்க. அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல’ன்னு ஒரே அழுகை. சரின்னு விட்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேப்பேன், ‘என்னடி, டீச்சர் ஏதாவது சொன்னாங்களா?’ன்னு. ‘அடுத்த வாரம் சொல்வாங்கம்மா’ம்பா. எட்டு வாரம் டீச்சர்.”

மாவுக்கட்டில் விட்டுவைத்த அந்த இடமும், நான் வரைந்த சிரிக்கிற முகமும் கண் முன்னால் வந்தன.

“அப்புறம் ஏன்கா கையெழுத்துப் போட்டீங்க?”

“அவ உங்கள நம்புறா, அதுக்காகப் போட்டேன். நான் நம்பல டீச்சர். மூஞ்சிக்கு நேரா சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க.” பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “இனிமே எம்பொண்ணு வலிக்குதுன்னு சொன்னா, வலிக்குதுன்னு நம்புங்க. எனக்கு அது போதும்லா” என்றார்.

அப்போதுதான் அறை வாசலில் அவள் நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. என் மேல் கோபமாக இருப்பாள், அல்லது அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் முழுக்கச் சந்தோஷம். ஷா ஆலம் மண்டபத்தில் மூன்றாம் இடம் என்று அறிவித்தபோதுகூட அவளை நான் அப்படிப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அம்மாவிடம் போய், அவர் தோளை இடித்து, “பாத்தியாம்மா? நான் சொன்னேன்ல? வருவாங்கன்னு சொன்னேன்ல?” என்றாள்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் போய் உண்மையைச் சொல்லி, விபத்து அறிக்கையை என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு பருவம் பயிற்சியிலிருந்து விலக்கிவைத்தார்கள். குழுவை விட்டுப் போகும் முன் பதினாறு பிள்ளைகளையும் உட்காரவைத்து, அன்று தமிழில் நான் திட்டியதை மலாயில் சொல்லி, அவளிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். சீனப் பெண் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பள்ளியில் சிலர் என்னைப் பெரிய மனசுக்காரி என்றார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். எட்டு வாரத் தாமதத்துக்கு யாரும் மாலை போட வேண்டாம்.

அந்தப் பெண் இப்போது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டாள். கை நன்றாக இருக்கிறது. தீபாவளிக்குச் செய்தி அனுப்புவாள், கையைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. நான் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறேன், மறுபடியும் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். என் கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் ஒரு பிள்ளை வலிக்கிறது என்றால், இப்போது என் வாய் மூடிக்கொள்கிறது. நான் செய்த தப்பைவிட, என்னை நல்லவள் என்று நம்பி ஒருத்தி எட்டு வெள்ளிக்கிழமை அவள் அம்மாவிடம் எனக்காக வாதாடியிருக்கிறாள் என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தலைகுனிய வைக்கிறது, அந்தக் கூச்சம் மட்டும் ஒருநாளும் என்னை விட்டுப் போகக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.